நெல் வந்த வழி

பாலசமுத்திரம் என்னும் ஊரை நம் சங்கத்து அன்பர்களுள் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் அது. கார்வேட்டிநகர், பள்ளிப்பட்டு, சோளிங்கர் ஆகியவை அதன் அக்கம்பக்கத்து ஊர்கள். அவற்றுள் முன்னது ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஏனைய இரண்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. வீட்டில் ஒரு மொழியும் வீதியில் மற்றொரு மொழியுமாகப் பேசிப் பழகிய மக்கள் வாழும் வட்டாரம் இது. ஏரியமைத்து ஊர் கண்ட இடங்களுக்குச் ‘சமுத்திரம்’ என்று பெயரிடுவது நம் முன்னோர் வழக்கு. மழை பொய்த்த ஆண்டில் அந்தச் சமுத்திரங்களில் ஆடு மாடுகள் மேய்வதும் உண்டு.

அந்த மண்ணிற் பிறந்து பிழைப்பை நாடி வெளியேறியவன் யான். இவ்வாண்டு மலருக்கு எங்கள் வட்டாரத்து வரலாறு ஒன்று எழுதித் தருக என்று செயலாளர் கேட்டபோது, கோயிலைப் பற்றியோ பாளையக்காரரைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால், எங்கள் ஊரார் ஒன்றுகூடினால் பேசுவது அவற்றையன்று. அரிசியைப் பற்றியே பேசுவர். ஆகவே சோறு எங்களிடம் வந்த வழியையும், வாராது நின்ற நாட்களையும் எழுதத் துணிந்தேன்.

மேனாட்டார் இக்காலத்தில் ‘உணவுப் பாலை’ என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். 1990களில் ஸ்காட்லாந்து நாட்டில் தோன்றிய சொல் என்பர். அமெரிக்க வேளாண்மைத் துறை அதற்கு ஓர் அளவும் வைத்திருக்கிறது. நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தின் இருப்பிடத்திலிருந்து நல்ல உணவுக் கடை பத்து மைலுக்கு அப்பால் இருக்குமாயின், அக்குடும்பம் உணவு எட்டாத நிலையில் இருப்பதாகக் கொள்வர். உணவு நாட்டில் உண்டா என்பதன்று கேள்வி; உண்பவன் கைக்கு அது எட்டுமா என்பதே கேள்வி. இதைப் படித்தபோது எனக்கு வியப்புத் தோன்றவில்லை. அந்தப் பத்து மைலை எங்கள் பக்கத்தார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வகையில் நடந்து அளந்தவர்கள்.

1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒருசேரப் பொய்த்தன. நம் மக்கள் இன்றும் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று அச்சத்தோடு சொல்லும் பஞ்சம் அதுவே. அந்நாளில் சித்தூர் தனி மாவட்டமன்று. வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரும் அதுவே. ஏரிப் பாசனமும் வானம் பார்த்த புன்செய்யுமே வாழ்வாயிருந்த அம்மாவட்டம் பஞ்சத்தின் கொடுமைக்கு நேராகச் சிக்கியது.

அப்பொழுது இருப்புப்பாதை இல்லாமலில்லை. தென்னாட்டின் முதல் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் ஓடியது. 1871இல் சென்னையும் பம்பாயும் இருப்புப்பாதையால் இணைக்கப்பட்டன. அப்பாதை திருத்தணி, புத்தூர் வழியே எங்கள் வட்டாரத்தை உராய்ந்துகொண்டுதான் சென்றது. பிற மாநிலங்களிலிருந்தும் கடல்வழியாகவும் தானியம் வந்து குவிந்தது. ஆயினும் மக்கள் மாண்டனர். காரணம் என்ன? நிலையத்தில் இறங்கிய மூட்டையை உள்ளூருக்குக் கொண்டுசெல்ல வண்டி வேண்டும். வண்டிக்கு மாடு வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். வைக்கோல் கரிந்தது, மாடுகள் செத்தன, உயிர்பிழைத்த மாடுகளின் வண்டிச் சத்தம் விண்ணை முட்டியது. தென்னாட்டு நிலையங்கள் பலவற்றில் தானியம் அடுக்கடுக்காய்த் தேங்கிக் கிடந்தது. மூட்டை ஊருக்கு வந்தாலும் வாங்கக் காசு வேண்டுமே! கூலியாளுக்கு வேலை இல்லை. நெசவாளன் நெய்த சேலையை வாங்குவார் இல்லை. தம் களத்தில் தானியம் இல்லாது நாள்தோறும் காசுக்கு வாங்கி உண்பவரே முதலில் வீழ்ந்தனர்.

சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் 30,000 டன் தானியத்தை மறைவாக வாங்கச் செய்தார். இதை அரசப் பிரதிநிதி லிட்டன் விரும்பவில்லை. வணிகத்தில் அரசு கைவைத்தால் வணிகர் ஒதுங்கிவிடுவர் என்பது அவர் கொள்கை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் சிக்கனம் நாடி அனுப்பப்பட்டார். அவர் வகுத்த கூலி, வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுத் தானியத்தின் விலையும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுகிறவன் அதை உண்டு பிழைக்க முடியாது என்று சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் அக்கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை உயிர் போயிற்றோ!

டெம்பிள் மற்றொரு விதியும் கொணர்ந்தார். உடல் வலியுள்ளவன் தன் ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பாற்பட்ட இடத்தில்தான் நிவாரண வேலை பெறவேண்டும். உண்மையில் பசித்தவன்தானா என்று சோதிப்பதற்கு இத்தொலைவு ஒரு சோதனை! பசித்தவனால் நடக்க இயலாது என்பது அவ்வறிஞருக்குத் தோன்றவில்லை போலும். இன்று அமெரிக்கர் குறையென்று கணக்கெடுக்கும் அதே பத்து மைலை, அன்று ஆங்கிலேயர் விதியென்று வகுத்தனர்.

அப்பஞ்சத்தில் தென்னாட்டிலும் பிற பகுதிகளிலுமாக ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர். சென்னைக்கு ஓடியவர் கஞ்சித்தொட்டிகளை மொய்த்தனர். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியவை பஞ்சத்தில் அடிபட்ட கைகளே. பெயர் மட்டும் ஆளுநருடையது. இலங்கைக்கும் மொரீசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறியவரும் பலர். இந்த மலரைப் படிக்கும் குடும்பங்கள் சிலவற்றின் பயணம் அந்த ஆண்டிலேயே தொடங்கியிருக்கவும் கூடும். 1880இல் பஞ்ச ஆணைக்குழு அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு பிறந்தது. நாட்டில் தானியம் இருந்தும் வாங்கும் ஆற்றல் இன்றி மக்கள் சாகக்கூடும் என்பதை அரசு ஏட்டில் ஒப்புக்கொள்ள இத்தனை பிணங்கள் வேண்டியிருந்தன.

1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பங்கீடு வந்தது. அதன் வரிசையும் அட்டையும் பெரியோர் பேச்சில் வெகுகாலம் நின்றன. 1952இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதுவரை எங்களுக்கு நெல் வரும் பாதையில் கோடு ஏதும் இல்லை.

கோடு பின்னர்தான் விழுந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. சித்தூர் அதனோடு சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கர் தீர்ப்பையும் அடுத்து, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டு வட்டாரமும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. பாலசமுத்திரம் ஆந்திரத்திலேயே தங்கியது. எல்லை வகுத்தவர்கள் எவ்வூரில் எம்மொழி பேசுவோர் மிகுதி என்று எண்ணினார்கள். எவ்வூரார் எவ்வூர்ச் சந்தையில் அரிசி வாங்குகிறார்கள் என்பது அவர்கள் கணக்கில் எவ்வளவு இடம் பெற்றதோ அறியேன். சித்தூர் நகரத்தினும் பள்ளிப்பட்டுக் கடைத்தெருவே எங்களுக்கு அண்மை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கேதான்.

1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் ஆகிய நான்கும் சேர்ந்து தென்மண்டலம் ஆயின. அரிசி தடையின்றிச் சென்றது. 1960களின் நடுவில் அம்மண்டலம் கலைந்து, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி மண்டலம் ஆகவே, எல்லைச் சாலைகளில் சோதனைச் சாவடி முளைத்தது. என் இளமையின் முதல் அச்சம் அந்தச் சாவடிதான். அக்காளைப் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளைப்பேற்றுக்கு முன் சீர் கொண்டுபோன என் தாயார், புடவைக்கு நடுவில் சுருட்டி நான்கு படி புது அரிசி வைத்திருந்தார். பேருந்தை நிறுத்திய ஒருவர் மூட்டையை அவிழ்த்து அரிசியை எடுத்துக்கொண்டார். தாயார் அழவில்லை, புடவையை மடித்து மீண்டும் கட்டினார். அவ்வளவே. ‘கடத்தல்’ என்ற சொல்லை அன்றுதான் யான் முதன்முதலாகக் கேட்டேன். இக்கட்டுப்பாடுகள் 1977இல் அகன்றன.

இதற்கிடையே 1967இல் தமிழகத்தில் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நகரத்தாருக்குக் கிட்டிய அப்படி, எல்லைப்புறத்துக்கு எட்டவில்லை. 1983இல் ஆந்திரத்தில் என்.டி.இராமாராவ் ஆட்சி கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தந்தது. அப்போது எங்கள் பக்கத்தாரே நற்பேறு பெற்றோர். 2011 ஜூன் முதல் தமிழக அரசு அரிசியை விலையின்றியே தருகிறது. அன்று தாயார் மறைத்து எடுத்துச் சென்ற திசைக்கு எதிர்த்திசையில் இன்று அரிசி செல்கிறது. தமிழகப் பங்கீட்டரிசி திருட்டுத்தனமாக ஆந்திரம் போய்த் தீட்டப்பட்டு வெள்ளையரிசியாக விற்கப்படுவதும், அவ்வப்போது இரயிலிலும் சரக்கு வண்டியிலும் பிடிபடுவதும் நாளேடுகளில் காணும் செய்தி.

அரிசி எளிதில் வந்ததால் நேர்ந்த மாற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பாட்டிமார் காலத்தில் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங் கூழும், நெற்சோறு திருநாளுக்கே. இன்று கேழ்வரகு விளைந்த மேட்டுநிலம் பலவற்றில் மாந்தோப்பு நிற்கிறது. பெங்களூரா மாம்பழம் சித்தூர் மாவட்டத்து ஆலைகளில் கூழாகிக் கடல் கடந்து செல்கிறது. விளைச்சல் மிகுந்து விலை சரிந்த ஆண்டில் அப்பழம் சாலையோரத்தில் கொட்டப்படுவதும் உண்டு. சுற்றிலும் பச்சைத் தோப்பு. அடுப்பில் ஏறும் தானியமோ வெளியூரிலிருந்து வந்தாகவேண்டும்.

2021 ஜனவரியில் ஆந்திர அரசு அரிசியை வீட்டு வாயிலுக்கே வண்டியில் கொண்டுவந்து தந்தது. மாநிலம் முழுதும் 9,260 வண்டிகள். 2025 ஜூன் முதல் அவ்வண்டிகள் நின்றன. மக்கள் மீண்டும் நியாயவிலைக் கடைக்குச் செல்கின்றனர். அறுபத்தைந்து வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் கடைக்காரரே கொண்டுபோய்த் தரவேண்டும் என்பது ஏற்பாடு. வண்டி நன்றா, கடை நன்றா என்று ஊரில் இன்னும் வழக்காடுகிறார்கள். தெருமுனையில் நின்று போன வண்டியைவிட, காலையும் மாலையும் திறந்திருக்கும் கடையே கூலிக்குச் செல்வோர்க்கு ஏற்றது என்பார் உண்டு. கடை அடுத்த ஊரில் இருக்கும் குக்கிராமத்தாரோ வண்டியைத்தான் நினைக்கின்றனர்.

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தேன். அக்காளுக்கு இப்பொழுது எண்பதை நெருங்கிய வயது. அவள் வீடு தமிழ்நாட்டில்; அவளுக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. யான் புறப்படும்போது நான்கு படி கேழ்வரகு மாவு கட்டிக்கொடுத்தாள். பாலசமுத்திரத்து உறவினர் நிலத்தில் விளைந்ததாம். பேருந்தில் எல்லை கடக்கையில் அம்மூட்டையை மடியில் வைத்திருந்தேன். யாரும் வண்டியை நிறுத்தவில்லை.