எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் சாப்பாட்டை மாற்றிக்கொள்வது எப்படி?

ஈப்போ புந்தோங் பக்கம் காலையில் பசியாறப் போகும் ஒருவர் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. டின் பால் ஊற்றிய தே தாரிக் 180 கலோரி அளவில் வரும். தொட்டுக்கொள்ளும் பருப்புக் குழம்பைச் சேர்க்காமலே 780 ஆகிவிட்டது. எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மருத்துவமனைகள் பலவும் எழுதிக் கொடுக்கும் உணவு, ஒரு நாள் முழுவதற்குமே ஏறக்குறைய 800 கலோரிதான்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் பலர் மிரண்டு போகிறார்கள். "வயிற்றைத்தான் அறுத்துச் சின்னதாக்கப் போகிறார்களே, அதற்கு முன்பே எதற்குப் பட்டினி?" என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் வயிற்றில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது.

இரைப்பையின் மேல்பகுதியை மூடியபடி கல்லீரலின் இடது மடல் கிடக்கிறது. இன்று இந்த அறுவை சிகிச்சைகள் பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யப்படுகின்றன. மருத்துவர் அந்த மடலை ஒரு கருவியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் வேலை செய்ய வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது பெருத்தும் கனத்தும் இருக்கும். தூக்கும்போது கிழிந்து இரத்தம் கசியலாம். சில வேளைகளில் இரைப்பையே கண்ணுக்குத் தெரியாமல் போய், அறுவை சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டியும் வரும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி அப்படித்தான் கைநழுவிப் போகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், உணவைக் குறைத்தால் உடலில் முதலில் சுருங்கும் உறுப்புகளில் ஒன்று கல்லீரல். ஆஸ்திரேலியாவில் 32 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2006-ஆம் ஆண்டு வெளியானது. அவர்களின் கல்லீரல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்தது. அந்தச் சுருக்கத்தில் 80 விழுக்காடு முதல் இரண்டு வாரங்களிலேயே நடந்துவிட்டது. பல மருத்துவமனைகள் இரண்டு வாரம் என்று சொல்வதற்கும் சில நான்கு வாரம் வரை நீட்டுவதற்கும் இதுபோன்ற கண்டுபிடிப்புகளே அடிப்படை.

யாருக்கு இந்த அறுவை?

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் இருவரில் ஒருவர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர் என்று கண்டது. அதே ஆய்வில் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். பேராக்கில் தமிழர் வீடு எதை எடுத்தாலும் குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலினோ மேசையில் மாத்திரை டப்பாவோ இருப்பது இப்போது யாருக்கும் வியப்பாக இல்லை.

2022-இல் வெளியான அனைத்துலக வழிகாட்டி, உடல் நிறை குறியீடு 35-ஐத் தாண்டியவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 30-லிருந்தே பரிசீலிக்கலாம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய்கள் வந்துவிடுவதால் 27.5-லிருந்தே இந்த வாய்ப்பை வழங்கலாம் என்றும் அது கூறுகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருக்கும் என்பதால், முடிவு மருத்துவக் குழுவின் கையில்தான் இருக்கிறது. அரசாங்க வழியில் போகிறவர்கள் தங்கள் பகுதி சுகாதார கிளினிக்கில் பேசத் தொடங்கலாம். அங்கிருந்து கடிதம் பெற்று மருத்துவமனைக்குப் போவதுதான் வழக்கமான பாதை.

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் ஏறக்குறைய 80 விழுக்காடு வெட்டி எடுக்கப்பட்டு, வாழைப்பழம் போன்ற குழாய் மட்டும் எஞ்சும். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்நுனியில் ஒரு சிறு பையை ஒதுக்கிக் குடலோடு நேராக இணைக்கிறார்கள். இதயத்துக்குச் செய்யும் பைபாஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உறவினர்களிடம் சொல்லும்போது இந்தக் குழப்பம் தவறாமல் வரும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது

அக்கம்பக்கத்தில் ஒருவர் அறுவைக்கு முன் சாப்பிட்ட உணவுத் தாளை வாங்கி, மருத்துவரைக் கேட்காமல் தானும் தொடங்குவது ஆபத்து. இன்சுலின் ஊசியும் கிளிக்கிளசைடு போன்ற மாத்திரையும் வழக்கமான சாப்பாட்டுக்கு அளந்து கொடுக்கப்பட்டவை. சாப்பாடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகும் அதே அளவு மருந்து போனால் இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி வந்தால் உணவுக் கட்டுப்பாட்டையெல்லாம் மறந்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். பேச முடியாமல் மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க வேண்டும்.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேறு விதமான தொல்லை. மிகக் குறைவாகச் சாப்பிடும் காலத்தில் இவை இரத்தத்தை அமிலமாக்கிவிடக்கூடும். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இது நடப்பதால் கண்டுபிடிப்பது கடினம். அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இவை நிறுத்தப்படுகின்றன. உணவுக் கட்டுப்பாடு தொடங்கும்போதே நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்வார். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும்கூடக் குறைக்கப்படலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் புரதப் பொடியைத் தாமாக வாங்கிக் கலக்கக் கூடாது.

சாப்பாடு மாறவில்லை, வேலை மாறிவிட்டது

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் டத்தோ வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பழைய நாள் நினைவிருக்கும். விடியும் முன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களுக்குப் பால் வெட்டி, வாளி சுமந்து வந்து நிறுவைக்கு நிற்கும்போது வெயில் ஏறியிருக்கும். அந்த உடம்புக்கு மலைபோல் சோறு தேவைப்பட்டது. காய்கறி குறைவு, கருவாடு கொஞ்சம், சோறுதான் பிரதானம். பிறகு ரப்பர் செம்பனையானது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்தன. இன்று அதே வீட்டுப் பிள்ளை பாதுகாவலர் நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், அல்லது லாரி ஓட்டுகிறார். தட்டில் இருக்கும் சோற்றின் அளவு மட்டும் அப்பா காலத்து அளவாகவே நிற்கிறது. கூடவே வெள்ளைக் கோப்பியும் மைலோவும் புட்டி பானங்களும் சேர்ந்துகொண்டன.

அதனால்தான் உணவியல் நிபுணர்கள் கடைசி இரண்டு வாரத்தை மட்டும் பேசுவதில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே பழக்கத்தை மாற்றச் சொல்கிறார்கள். முதலில் கை வைக்க வேண்டியது தட்டில் அல்ல, குவளையில். ஒட்டுக்கடையில் "குராங் மானிஸ்" என்று சொல்வது பாதிக் கிணறுதான். சீனி குறைந்தாலும் டின் பாலில் உள்ள சீனி அப்படியே வருகிறது. தே ஓ கோசோங், கோப்பி ஓ கோசோங் என்று கேட்டால்தான் சீனியும் பாலும் இரண்டும் போகும். முதல் வாரம் கசக்கும். ஒரு நாளைக்கு மூன்று தே தாரிக் குடித்தவர் இதை மட்டும் மாற்றினாலே 500 கலோரிக்கு மேல் மிச்சம்.

அடுத்தது கவளம். கையால் பிசைந்து உருட்டிச் சாப்பிடும்போது ஒரு வாய்க்கு எவ்வளவு போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அறுவைக்குப் பிறகு தேக்கரண்டி அளவு உணவுகூடச் சரியாக மெல்லாமல் இறங்கினால் நெஞ்சில் அடைத்து வாந்தி வரும். ஆகவே முன்கூட்டியே சிறு கரண்டியால் சாப்பிடுவதும், ஒரு வாயை இருபது முப்பது முறை மென்று கூழாக்கி விழுங்குவதும், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சாப்பிடுவதும் பழக வேண்டும். நடுவில் தண்ணீர் குடிப்பது நம்மவர் வழக்கம். அதையும் விட வேண்டியிருக்கும். சாப்பிட்டு முப்பது நிமிடம் கழித்தே குடிக்க வேண்டும். பிசுபிசுப்பான சோறும் மெத்தென்ற ரொட்டியும் காய்ந்த கோழி இறைச்சியும்தான் பின்னாளில் அதிகம் சிக்கிக்கொள்பவை.

மூன்றாவது, தட்டில் வரிசை. வழக்கமாகச் சோறு நடுவில், கறி ஓரத்தில். இனி மீனோ முட்டையோ கோழியோ முதலில், காய்கறி இரண்டாவது, இடம் இருந்தால் சோறு. அறுவைக்குப் பின் தினமும் 60 கிராம் புரதமாவது வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நூறு கிராம் கெம்போங் மீனிலும் தெம்பேயிலும் ஏறக்குறைய 20 கிராம் வரை கிடைக்கும். சைவர்கள் சாம்பாரை நம்பியிருந்தால் கணக்கு உதைக்கும். ஒரு கரண்டிச் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். தவ்ஹு, தெம்பே, சீனியில்லாத கெட்டித் தயிர், கெட்டியாக வேகவைத்த பருப்பு என்று தேட வேண்டும்.

அந்த இரண்டு வாரம்

மருத்துவமனை தரும் தாளில் பெரும்பாலும் ஒரு வேளை உணவுக்குப் பதிலான சத்துப் பானம் மூன்று நான்கு முறையும், மாவுச்சத்து இல்லாத காய்களும், போதிய தண்ணீரும் இருக்கும். சில இடங்களில் பானத்துக்குப் பதில் சிறிய அளவு மீன், முட்டை, காய் என்று சாதாரண உணவாகவே எழுதித் தருவார்கள். பானத்தின் விலை கட்டுப்படியாகாவிட்டால் வெட்கப்படாமல் உணவியல் நிபுணரிடம் சொல்லி அந்த வழியைக் கேட்பது நல்லது. கீரை, வெள்ளரி, முட்டைகோஸ், சுரைக்காய், தௌகே, வெண்டை ஆகியவை தோழர்கள். உருளைக்கிழங்கு, மரவள்ளி, பூசணி, சோளம், பழச்சாறு, தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு விடுமுறையில் போக வேண்டும். புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலமும்தான். அது கையில் சிறியதாகத் தெரிந்தாலும் எண்ணெயில் பொரித்தது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் கடினம். தலைவலி, எரிச்சல், வாய் நாற்றம், மலச்சிக்கல் எல்லாம் வரும். உடல் சேமிப்பில் இருந்த சர்க்கரையை முடித்துவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. நான்காம் ஐந்தாம் நாளில் பெரும்பாலோருக்குப் பசி மட்டுப்படுகிறது. முதல் வாரத்தில் சரசரவென இறங்கும் எடையில் பாதிக்குமேல் தண்ணீர் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்தில் மனம் சோர்ந்துவிடும்.

விரதம் இருந்து பழகியவர்களுக்கு இது எளிது என்று ஒரு பேச்சு உண்டு. குனோங் சீரோ ஆலயத்துக்குக் காவடி எடுக்க 48 நாள் விரதம் இருந்தவருக்கு மனக்கட்டுப்பாடு நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் ஒருவேளை சாப்பாடு என்ற பெயரில் மாலையில் ஒரு இலைச் சோறும் பாயசமும் சாப்பிட்டால் கல்லீரல் சுருங்காது. சைவமாக மாறினாலே போதும் என்பதும் சரியல்ல. புரட்டாசியில் மீனை விட்டுவிட்டு மீகூனையும் வடையையும் கூட்டிக்கொள்கிற வீடுகள் எத்தனை! விரதத்தில் நாளின் பெரும்பகுதி வயிறு காலி. இங்கே அளவான உணவு மூன்று நான்கு முறை தவறாமல் போக வேண்டும்.

இன்னொரு தடங்கல், "இனிமேல் சாப்பிடவே முடியாதே" என்று தேதி வந்ததும் நடக்கும் கடைசி விருந்துகள். தீபாவளி, கல்யாணம், கோயில் அன்னதானம் எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்துத் தேதி கேட்பது புத்திசாலித்தனம். வீட்டில் சமைக்கும் பெண்ணே நோயாளியாக இருந்தால் சுமை இரட்டிப்பு. ருசி பார்ப்பதும், பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்காமல் வாயில் போடுவதும் கணக்கில் சேரும். அந்த இரண்டு வாரமாவது சமையலறையை வேறொருவர் ஏற்பதுதான் குடும்பம் செய்யக்கூடிய உண்மையான உதவி.

புழுங்கலரிசி சொல்லும் பழைய பாடம்

மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது கடுமையாக வந்தது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907-இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டைச் சுட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இரு பிரிவினருக்கு இரு வகை அரிசி கொடுத்துப் பார்த்ததும் அதையே காட்டியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயாமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது.

நூறாண்டுக்குப் பின் அதே குறைபாடு வேறு வாசல் வழியாக வருகிறது. எடை குறைப்பு அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவர்களுக்குத் தயாமின் வற்றி, நடை தள்ளாடி, பார்வை இரட்டிக்கும். கவனிக்காமல் விட்டால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படும். மது அருந்துகிறவர்களுக்கு அந்தச் சேமிப்பு முன்பே குறைந்திருக்கும். ஆகவே அறுவைக்கு முன்னரே இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, ஃபோலேட் ஆகியவற்றோடு இதையும் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சைவர்களுக்கு பி12 குறைவு சகஜம். அறுவைக்குப் பிறகு வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடரும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கிட வேண்டும்.

மதுவை இந்த ஆயத்தக் காலத்தில் முற்றாக நிறுத்த வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவருக்கு ஒரே குவளை முன்பைவிட வேகமாக ஏறும், குடிக்கு அடிமையாகும் அபாயமும் கூடும். சிகரெட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட்டால் தையல் ஆறுவதும் நுரையீரல் தேறுவதும் எளிது.

அறுவைக்கு முந்தைய இரவு பற்றி மருத்துவமனை தரும் நேரத்தை அப்படியே பின்பற்ற வேண்டும். பொதுவாகத் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். எடை குறைய வாரம் ஒருமுறை ஊசி போடுகிறவர்கள் அதை மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த ஊசியால் உணவு வயிற்றில் நீண்ட நேரம் தங்கும். முதல் சந்திப்புக்குப் போகும்போதே வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். கிளினிக் மாத்திரை மட்டுமல்ல, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியும், இணையத்தில் வாங்கிய மெலியும் கோப்பியும் அந்தப் பையில் இருக்க வேண்டும்.