ஒற்றைக் காலோடு ஒலிம்பிக்கில் நீந்திய நடாலி டு டாய்ட்

1998ஆம் ஆண்டு மலேசியாவின் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. தென்னாப்பிரிக்க நீச்சல் அணியில் அப்போது 14 வயதே ஆன ஒரு மாணவி இடம்பெற்றிருந்தார். கேப் டவுன் நகரைச் சேர்ந்த அவர் பெயர் நடாலி டு டாய்ட். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்கான தகுதியை அவர் மயிரிழையில் தவறவிட்டார். வயது 16தான். அடுத்த ஒலிம்பிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே எல்லோருடைய எண்ணமாகவும் இருந்தது.

ஆனால் 2001 பிப்ரவரியில் எல்லாம் தலைகீழாக மாறியது. காலையில் நீச்சல் பயிற்சியை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கார் அவர் மீது மோதியது. இடது கால் நசுங்கிப் போனது. அதைக் காப்பாற்ற மருத்துவர்கள் முயன்றும் முடியவில்லை. சில நாட்களில் முழங்கால் அளவில் காலை அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 17.

மூன்று மாதங்களுக்குள் அவர் மறுபடியும் நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டார். செயற்கைக் காலுடன் நடக்கப் பழகும் முன்பே நீந்தத் தொடங்கிவிட்டார்!

நீச்சலுக்குக் கைதானே முக்கியம், கால் போனால் என்ன என்று சிலர் நினைக்கலாம். அது முழு உண்மை அல்ல. கால் உதைப்பு உடலை முன்னால் தள்ளுவது மட்டுமல்ல, உடல் ஒரு பக்கமாகப் புரண்டுவிடாமல் சமநிலையையும் காக்கிறது. குளத்தில் குதிக்கும்போதும், ஒவ்வொரு முறை சுவரைத் தொட்டுத் திரும்பும்போதும் கால்களால்தான் உந்த வேண்டும். போட்டியில் செயற்கைக் கால் அணிந்து நீந்தவும் முடியாது. பல ஆண்டுகளாக இரண்டு கால்களோடு நீந்திப் பழகிய உடம்புக்கு, ஒரு காலோடு நேராகப் போவதையே முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

2002ஆம் ஆண்டு மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிகளில், மாற்றுத்திறனாளிகளுக்கான 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் உலக சாதனையோடு தங்கம் வென்றார். உலகம் வியந்தது அதற்காக மட்டும் அல்ல. மற்ற வீராங்கனைகளோடு சமமாக 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் போட்டியிட்டு, இறுதிச் சுற்றுக்கும் தகுதி பெற்றார். அந்தப் போட்டிகளில் ஆஸ்திரேலியாவின் இயான் தோர்ப் ஆறு தங்கம் வென்றிருந்தார். ஆனாலும் முதன்முறையாக வழங்கப்பட்ட, தொடரின் சிறந்த வீரருக்கான டேவிட் டிக்சன் விருது நடாலிக்கே கிடைத்தது.

2003இல் இந்தியாவின் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் மற்றவர்களோடு நீந்தி 800 மீட்டரில் வெள்ளியும், 400 மீட்டரில் வெண்கலமும் பெற்றார். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஐந்து தங்கம், ஒரு வெள்ளி. ஆனால் சிட்னியில் கைநழுவிய ஒலிம்பிக் கனவு மட்டும் அப்படியே இருந்தது. குளத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை இழந்துகொண்டிருந்தார். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

இந்த நேரத்தில்தான் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 50 மீட்டர் குளத்தில் என்றால் இது 200 நீளங்களுக்குச் சமம். ஆனால் திறந்தவெளியில் சுவர் கிடையாது, சுவரை உதைத்துத் திரும்பும் வேலையும் கிடையாது. இவ்வளவு நீண்ட தூரத்தில் எல்லா வீரர்களுமே கால் உதைப்பைக் குறைத்து, கைகளையும் மூச்சையும்தான் நம்புவார்கள். எந்த இடத்தில் தன் குறை மிகச் சிறியதாகிறதோ, அந்த இடத்தை நடாலி தேர்ந்தெடுத்தார். மன உறுதியைப் போலவே இந்தக் கணக்கும் அவரைக் காப்பாற்றியது.

2008 மே மாதம் ஸ்பெயினின் செவில்லே நகரில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் ஒலிம்பிக் வாய்ப்பு. நடாலி நான்காவதாக வந்தார்.

பெய்ஜிங் தொடக்க விழாவில் தென்னாப்பிரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. ஆகஸ்ட் 20 அன்று 25 பேர் கலந்துகொண்ட பந்தயத்தில் 2 மணி 49.9 வினாடிகளில் நீந்தி 16ஆவது இடம் பிடித்தார். தங்கம் வென்ற ரஷ்யாவின் லாரிசா இல்செங்கோவுக்கும் அவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 1 நிமிடம் 22 வினாடிகள் மட்டுமே. எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அவருக்கோ அந்த 16ஆவது இடத்தில் திருப்தி இல்லை. இன்னும் முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதே அவர் வருத்தம். கலந்துகொண்டதே பெரிது என்று மற்றவர்கள் சொல்லலாம், போட்டியிட வந்தவர் அப்படி நினைக்க முடியாது அல்லவா?

ஒரு காலை இழந்தவர்கள் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது அதுவே முதல் முறை அல்ல. 1904இல் மரக்காலோடு ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு பதக்கங்கள் வென்றார் அமெரிக்காவின் ஜார்ஜ் ஐசர். சிறுவயதிலேயே காலை இழந்த ஹங்கேரியின் ஒலிவேர் ஹலாஸி, 1932, 1936 ஒலிம்பிக்குகளில் வாட்டர் போலோவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அதன் பிறகு நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த வரிசையில் சேர்ந்த நடாலியோ, ஒலிம்பிக்கின் வாசல் வரை வந்த பிறகு காலை இழந்து, வேறு வாசல் வழியாக உள்ளே நுழைந்தவர்.

பெய்ஜிங் பாராலிம்பிக்கில் ஐந்து தங்கமும், 2012 லண்டன் பாராலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளியும் வென்று அவர் ஓய்வு பெற்றார். மொத்தம் 13 பாராலிம்பிக் தங்கங்கள். இருந்தாலும் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது, பதக்கமே கிடைக்காத அந்த 16ஆவது இடம்தான். அங்கே அவருக்கு யாரும் எந்தச் சலுகையும் தரவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.