அடக்கும் கலங்கள்: ஒரு கருத்தின் வரலாறு

இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலிய வன்னிக் குளங்களை அறிந்தவர்க்கு ஓருண்மை புதிதன்று. கட்டின் உறுதி மட்டும் குளத்தைக் காப்பதில்லை. மிகைநீர் வெளியேற வானும் வேண்டும். உடலின் நிர்ப்பீடனத்திலும் அத்தகையதோர் ஏற்பாடு உண்டென்பதை மருத்துவ உலகு நெடுங்காலம் தயங்கியே ஏற்றது.

1969இல் யப்பானிய ஆய்வாளரான நிஷிசுக்காவும் சக்காகுராவும் பிறந்து மூன்று நாளான சுண்டெலிகளின் தைமசுச் சுரப்பியை அகற்றினர். பின்னர் அவற்றின் சூலகங்கள் சிதைந்திருக்கக் கண்டனர். உடலே தன் உறுப்பைத் தாக்கியதென்பது பிற்பாடே விளங்கிற்று. இதையடுத்து அமெரிக்கரான றிச்சட் கேர்சன், எதிர்ப்பை அடக்கும் ரி-கலங்கள் உண்டென்றார். அக்கருத்துச் செல்வாக்குப் பெற்றது. ஆயினும் அதற்கு ஆதாரமெனக் கொள்ளப்பட்ட பரம்பரையலகு, குறித்த இடத்தில் இல்லையென 1980களின் தொடக்கத்தில் தெரியவரவே, ஆய்வாளர் பலர் அத்துறையை விட்டகன்றனர். பிழையான சான்றோடு சரியான வினாவும் வீசப்பட்டது எனலாம்.

அவ்வினாவைக் கைவிடாதவருள் ஒருவர் சிமொன் சக்காகுச்சி. சீடி-25 என்னும் புரதத்தைத் தாங்கும் கலங்களே தன்னுடலைத் தாக்கும் நோயைத் தடுக்கின்றன என அவர் 1995இல் நிறுவினார். 2001இல் மேரி பிரன்கோ, பிரெட் றாம்ஸ்டெல் ஆகியோர் பொக்ஸ்-பி-3 என்னும் பரம்பரையலகின் பழுதே ஒரு சுண்டெலி இனத்தின் கொடிய நோய்க்குக் காரணமெனக் கண்டனர். மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கலங்களைப் பெருக்கினால் நோய் தணியுமன்றோ? வினா எளிது, விடை அவ்வாறன்று. 2006இல் இலண்டனில், அவற்றைப் பெருக்குமென எதிர்பார்க்கப்பட்ட ஒரு பிறபொருளெதிரி மருந்து ஆறு தொண்டர்களுக்கு ஏற்றப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அம்மருந்து, சில மணி நேரத்தில் அறுவரையும் உயிராபத்துக்கு உள்ளாக்கிற்று. அனைவரும் பிழைத்தமை பேறேயாகும். மருந்து பற்றும் புரதம் மனிதரின் தாக்குங் கலங்களிலும் இருந்தது. குரங்கின் அத்தகைய கலங்களில் அது இல்லை. வானைத் திறக்க முயன்ற கை, கட்டையே உடைத்தது.

பின்னர் அளவே கவனத்துக்குரியதாயிற்று. இன்ரர்லூக்கின்-2 மிகுந்த அளவில் புற்றுநோய்க்கெதிராக எதிர்ப்பைத் தூண்டுவது. அதனையே சிறிதளவிற் கொடுத்தபோது சீராக்குங் கலங்கள் பெருகின என 2011இல் பாரிஸ், பொஸ்ரன் ஆய்வுகள் காட்டின. 2015இல் முதலாம்வகை நீரிழிவுற்ற 14 பேருக்கு அவரவர் கலங்களையே வெளியிற் பெருக்கி மீளச் செலுத்தினர், தீங்கு நேரவில்லை. ஆயினும் பின்னர் சிறுவரிடத்து நடந்த பெரிய ஆய்வில், இன்சுலின் சுரப்பின் வீழ்ச்சியை அம்முறை தடுக்கவில்லை.