பீவர் இல்லாத ஓடையை இயற்கை என்று எழுதிய வரலாறு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கொடியின் பின்புறத்தில் பொன்னிறத்தில் ஒரு பீவர் பொறிக்கப்பட்டுள்ளது. 1969-இல் அது மாநில விலங்காகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் இலையும் பட்டையும் தின்று வாழும் இவ்விலங்கை, தனியார் நிலங்களைப் பொறுத்தவரை, அம்மாநிலச் சட்டம் நெடுங்காலம் 'இரைகொல்லி' என்ற வகைப்பாட்டில் வைத்திருந்தது. 2023-இல் இயற்றப்பட்ட சட்டமே அதை அவ்வகைப்பாட்டிலிருந்து விடுவித்தது. கொடியில் பெருமையாகவும் சட்டத்தில் பகையாகவும் ஒரே விலங்கு நின்ற இந்த முரண்பாட்டின் வேர், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய வணிகப் போட்டியில் இருக்கிறது.

இந்தியத் துணைக்கண்டத்தில் பீவர் இல்லை. ஆகவே தமிழிலும் அதற்கு மரபான பெயர் இல்லை. சிலர் 'நீர்நாய்' என்று எழுதுவதுண்டு. அது சங்கப் பாடல்களிலேயே இடம்பெறும் வேறொரு விலங்கு, மீனுண்ணி. பீவரோ கொறிவிலங்கு. மரத்தைப் பல்லால் அறுத்து வீழ்த்தி, கிளையும் சேறும் கல்லும் கொண்டு ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி, தேங்கும் நீரில் குடியிருப்பது.

அந்த அணையின் பயன் பீவரோடு முடிவதில்லை. விரைந்தோடும் நீர் தேங்கிப் பரவுகிறது. கிளைக் கால்களாகப் பிரிகிறது. நிலத்துள் இறங்கி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. சுமந்துவந்த வண்டலைப் படியவிடுகிறது. கோடையில் ஓடை வற்றாமலிருக்க உதவுவது இவ்வாறு மண்ணில் சேர்ந்த ஈரமே.

பீவரின் அடிமயிர் தொப்பிக்கான கம்பளத் துணி செய்ய மிகவும் ஏற்றது. ஐரோப்பாவில் பீவர்கள் அருகிய பின் வணிகர்களின் பார்வை வட அமெரிக்காமீது திரும்பியது. 1670-இல் ஆங்கிலேய அரசுப் பட்டயம் பெற்ற ஹட்சன் பே கம்பெனி, பண்டங்களின் விலையைப் பதப்படுத்திய பீவர் தோலின் கணக்கிலேயே குறித்தது. நீரைத் தேக்கிய உயிர், நாணய அலகாக மாறியது.

ஆனால் மேற்குப் பகுதியில் நடந்ததை வெறும் பேராசை என்று விளக்கிவிட முடியாது. 1818 உடன்படிக்கையின்படி ஓரிகன் நிலப்பரப்பு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவாக இருந்தது. கொலம்பியா ஆற்றின் தெற்குப் பகுதி எதிர்காலத்தில் அமெரிக்கர் வசமாகலாம் என்று கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் கணித்தார். அங்கு பீவரே மிஞ்சாவிட்டால் அமெரிக்க வேட்டையர்கள் வரக் காரணமிராது என்பது அவர் கணக்கு. 1824 முதல் 1830 வரை பீட்டர் ஸ்கீன் ஆக்டன் தலைமையில் ஆறு பயணங்கள் ஸ்னேக் ஆற்றுப் பகுதிகளுக்குச் சென்றன. வரலாற்றாசிரியர்கள் இக்கொள்கையைத் 'தோல் பாலைவனம்' என்று குறிப்பிடுகின்றனர். கம்பெனி தன் பிற பகுதிகளில் பீவர் இனம் மீள்வதற்கு இடம் விட்டது. இங்கு மட்டும் அது திட்டமிட்டே மறுக்கப்பட்டது. 1846-இல் எல்லை வகுக்கப்பட்டபோது அரசியல் கணக்கு தோற்றிருந்தது. ஓடைகள் தம் காவலரை இழந்திருந்தன.

பராமரிப்பார் இல்லாத அணைகள் உடைந்தன. தடையற்ற வெள்ளம் படுகையை அரித்து ஆழப்படுத்தியது. படுகை தாழத் தாழ நிலத்தடி நீரும் தாழ்ந்தது. வெள்ளச் சமவெளி ஓடையோடு தொடர்பற்ற மேடாயிற்று. கரையோர வில்லோ மரங்கள் பட்டன. பின்னர் வந்த கால்நடை மேய்ச்சலும் ஓடைகளை நேராக்கிய பணிகளும் இச்சிதைவை விரைவுபடுத்தின.

ஆறுகளை அளந்தெழுதும் அறிவியல் முதிர்ந்தது இதற்குப் பிறகுதான். ஆகவே கரைகளுக்குள் அடங்கி வளைந்தோடும் ஒற்றைக் கால்வாயே இயல்பான ஓடை என்று பாடநூல்களில் பதிந்தது. 2008-இல் 'சயின்ஸ்' இதழில் ராபர்ட் வால்டர், டோரதி மெரிட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, கிழக்கு அமெரிக்க ஓடைகள் பலவற்றின் அத்தகைய வடிவம் ஆலை அணைகளின் பின்னே படிந்த வண்டலால் உருவானது என்று காட்டியது. சிதைவுக்குப் பிந்தைய தோற்றமே அளவுகோலாகியிருந்தது.

முந்தைய தோற்றத்துக்கான அரிய சான்றொன்றை விட்டுச்சென்றவர் லூயிஸ் ஹென்றி மார்கன். செனகா மக்களின் உறவுமுறைச் சொற்களையும் தமிழ் உறவுமுறைச் சொற்களையும் ஒப்பிட்டு 1871-இல் பெருநூல் வெளியிட்ட அதே மானிடவியலர். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1868-இல், அவர் பீவரையும் அதன் கட்டுமானங்களையும் பற்றித் தனிநூல் எழுதினார். மிச்சிகனில் இரும்புச் சுரங்கப் பகுதியின் அணைகளையும் குளங்களையும் வரைபடமாக்கினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து கேரல் ஜான்ஸ்டன் அவ்வரைபடத்தை இன்றைய நிலத்தோடு ஒப்பிட்டபோது, அக்குளங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் அடையாளம் காணத்தக்கனவாக இருந்தன. வேட்டை துடைத்தெறியாத இடத்தில் பீவரின் பணி எவ்வளவு நிலைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

மீட்க முயன்றோரும் இருந்தனர். 1948-இல் ஐடஹோ மாநில வனவிலங்குத் துறை, 76 பீவர்களை மரப்பெட்டிகளில் அடைத்துப் பாராசூட் மூலம் மலைப்பகுதியில் இறக்கியது. ஒன்று தவிர மற்றவை உயிரோடு இறங்கின. எனினும் ஆழமாக அரிக்கப்பட்ட ஓடைகளில் பீவரை விடுவது மட்டும் போதாது. ஓரிகனின் பிரிட்ஜ் கிரீக் ஓடையில் பீவர்கள் இருந்தன. அவை கட்டிய அணைகளோ நிலைக்கவில்லை. குறுகிய பள்ளத்துள் அடைபட்ட வெள்ளத்தின் முழு விசையும் அணைமீதே விழுந்தது.

2009 முதல் மைக்கேல் பொல்லாக், நிக் போவ்ஸ், ஜோ வீட்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கு பீவரின் வேலையைத் தாமே தொடங்கி வைத்தனர். படுகையில் மரக்கம்புகளை வரிசையாக அறைந்து, இடையே வில்லோக் கிளைகளைப் பின்னி, சேற்றாலும் கல்லாலும் அடைத்தனர். இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட போலி அணைகள் எழுந்தன. பீவர்கள் வந்து அவற்றை ஏற்றுப் பராமரிக்க வேண்டும் என்பதே திட்டம், அவையும் வந்தன. அணை மீன்களின் வழியை மறிக்கும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. 2016-இல் வெளியான ஆய்வு முடிவு, ஸ்டீல்ஹெட் இளமீன்களின் எண்ணிக்கையும் பிழைப்பும் கூடியதையும், அவற்றின் இடப்பெயர்வு தடைபடாததையும் காட்டியது.

இது எளிதும் மலிவுமான முறை என்று இன்று புகழப்படுகிறது. அப்புகழுரையில் ஒன்று விடுபடுகிறது. பீவர் நீரைக் காக்கிறது என்பது 2009-இல் கண்டறியப்பட்ட உண்மையன்று. வறண்ட புல்வெளியில் வாழ்ந்த பிளாக்ஃபுட் மக்களிடையே பீவரைக் கொல்வதற்கு விலக்கு இருந்தது. தோல் வணிகர்களுக்கு அது பெரும் எரிச்சலூட்டியது. 2023 அக்டோபரில் கலிபோர்னியா அரசு ஏழு பீவர்கள் அடங்கிய குடும்பத்தைத் தாஸ்மம் கோயோம் என்னுமிடத்தில் விடுவித்தது. அது மைடு மக்களின் நிலம். அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டு அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

விலங்கை நாணயமாக்கியதும், பாலைவனத்தைக் கொள்கையாக்கியதும், தாவரவுண்ணியை இரைகொல்லி என்றதும் ஆவணங்களில் எழுதப்பட்ட சொற்களே. படுகையில் கம்பு அறையும் மீட்புப் பணி ஓடையைச் சீராக்கலாம். 'இயற்கையான ஓடை' என்று எந்த ஆண்டின் ஓடையை அழைக்கிறோம் என்று கேட்கும் பொறுப்பு, அச்சொற்களைப் படிக்கும் வரலாற்று மாணவர்களுடையது.