குன்னூர் ஆய்வகமும் மருத்துவமனை உணவு அறிவுரையும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பசியையும் செரிமானத்தையும் கொண்டு உண்ணும் அளவை அறியச் சொல்கிறது. இன்றைய மருத்துவமனையின் உணவியல் வல்லுநரோ உணவிலுள்ள சத்தின் எடையைக் கொண்டு அளவை வகுக்கிறார். இந்திய உணவுகளின் சத்தை இவ்வாறு அளந்தறிந்த பணிக்கு நீலகிரியின் குன்னூர் முதன்மைக் களமாக இருந்தது.

1918இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அது 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் நிறைவான உணவைத் திட்டமிடும் முறையையும் ஒரே வெளியீட்டில் தந்தார். ஆய்வகத்தின் அளவீடு மக்களுக்கான அறிவுரையாக மாறிய இடம் இதுவே எனலாம்.

அவ்வறிவுரையின் தன்மையை அரிசி ஆய்வு நன்கு காட்டும். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. எனவே தீட்டிய பின்னும் ஓரளவு எஞ்சுகிறது. பச்சரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் எஞ்சியதும் போய்விடும். நெல் அவித்த பெண்களுக்கு உயிர்ச்சத்து என்னும் சொல் தெரியாது. ஆயினும் நோயைத் தடுக்கும் வழக்கம் அவர்கள் கையில் இருந்தது. ஆய்வகம் அதன் காரணத்தைக் கண்டறிந்தது. சத்துணவுக் கல்வியை அறியாதார்க்கு அறிந்தார் புகட்டுவதாக மட்டும் கருதுவோர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

விலைச் சிக்கலை அரிசி ஆய்வு தீர்க்கவில்லை. புழுக்குதலுக்கும் கஞ்சியைக் காப்பதற்கும் கூடுதல் காசு வேண்டியதில்லை. பால், பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லும் பட்டியலுக்கோ வேண்டும். கூலிக் குடும்பத்து நோயாளியிடம் அப்பட்டியல் பெரும்பாலும் தாளளவிலேயே நின்றுவிடுகிறது.

ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அது 2017இல் வெளியிட்ட அட்டவணை 528 உணவுகளை உள்ளடக்கியது. அதிலுள்ள மதிப்புகள் 100 கிராம் அளவுக்கானவை; நோயாளியோ சோற்றைக் கரண்டியாலும் பாலைத் தம்ளராலும் அளப்பவர். கிராமைக் கரண்டியாக மாற்றிச் சொல்லும் பணி இன்றும் உணவியல் வல்லுநருடையதே.