மாமாவின் மங்கலான படம்

"மாப்ள, ஒரு கேமரா வாங்கணும். ஓடுற புள்ளைய எடுத்தா அசங்காம விழணும். எது வாங்கலாம்?"

போன கார்த்திகையில் மாமா இப்படிக் கேட்டபோது நான் ஆபீஸில் ஒரு ரிலீஸுக்கு நடுவில் இருந்தேன். மாமா இருப்பது மாகறலில். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரை ஊர். நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். ஓடுகிற புள்ளை என்றது அவர் பேத்தியை. பதின்மூன்று வயது, பள்ளி கபடி டீமில் ரெய்டர்.

"போன்லயே எடுக்கலாமே மாமா?"

"எடுத்துப் பாத்தாச்சு. ராத்திரி மேட்ச்சுன்னா எல்லாம் பேயாட்டம் வருது. நம்ம வீட்டுல மாட்டியிருக்கே ஒரு படம், அதே கணக்காத்தான் வருது."

அந்தப் படம் எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதன் கீழேதான் பாய் போட்டுப் படுப்போம். 1982 பொங்கலுக்கு எடுத்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு உறவுக்காரர் தன் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்திருக்கிறார். பின்னால் கோயில் மதில் துல்லியமாக இருக்கும். ஓரத்தில் நிற்கிற ஆடுகூடத் தெளிவு. நடுவில் சடுகுடு ஆடுகிற பையன்கள் மட்டும் சாம்பல் நிறப் புகை. அதில் கொஞ்சம் நீளமான புகைதான் மாமா. அவருக்கு அப்போது பதினைந்து வயது.

நாற்பது வருஷம் கழித்து, என் முதல் லேப்டாப்பைவிட சக்தியுள்ள ஒரு போனில் அவர் பேத்தியும் அதே புகையாக ஏன் விழுகிறாள்? மாமாவுக்கு பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன். போன இடம் ரொம்ப தூரம்.

*

கேமரா நம் பக்கம் வந்தபோது எடுத்ததெல்லாம் நகராத பொருட்களை. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்கிற கம்பெனி ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டினார். அவர் வைத்திருந்தது காகித நெகட்டிவ். ஒரு படத்துக்கு லென்ஸைத் திறந்து வைக்கும் நேரம் நிமிடக் கணக்கில் போகும். கல் பொறுத்துக்கொள்ளும். குறுக்கே நடந்த மனிதர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். அந்தக் காலப் படங்களில் நம் கோயில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பது இதனால்தான். ஆள் இருந்திருப்பார்கள், நின்றிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் மாகறல் கோயில் கதை நினைவுக்கு வந்தது. திருமாகறலீசர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். சோழ ராஜா ஒரு பொன் உடும்பைத் துரத்துகிறார். அது ஓடிப் புற்றுக்குள் ஒளிகிறது. தோண்டிப் பார்த்தால் லிங்கம். இன்றும் லிங்கம் உடும்பு வால் மாதிரி மெலிந்துதான் இருக்கிறது என்பார்கள். ஓடும்வரை அது ஒரு மின்னல். நின்ற பிறகுதான் வடிவம். முதல் நாற்பது வருஷம் கேமராவின் நிலைமையும் இதுதான்.

ஓடுவதை ஓடும்போதே பிடித்தது 1878 ஜூனில். கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோவில் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். ஓடுபாதையின் குறுக்கே நூல் கட்டினார். குதிரை மார்பு பட்டு நூல் இழுபட, ஒவ்வொரு கேமராவாகத் திறந்து மூடியது. நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகிறதா என்ற பழைய வழக்கு தீர்ந்தது. எழுகிறது. ஒரு கேமரா பாடியால் முடியாததை 12 பாடிகளை நிறுத்திச் சாதித்தார். 'ஃபிரேம்ஸ் பர் செகண்ட்' என்று இன்று நாம் சொல்வதன் கொள்ளுத்தாத்தா அந்த நூல் வரிசை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். நூல் அறுந்தா மறுபடி யாரு இழை முடிஞ்சது என்று கேட்டார்.

*

இனி 1982. கிளிக் 3 அன்று மத்தியதர வீடுகளின் கேமரா. குஜராத்தில் பரோடாவில் தயாரானது. 120 ரோலில் 12 படம். ரோல், ஊட்டி இந்துநகரில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த 'இந்து' பிலிமாகக்கூட இருந்திருக்கலாம். அந்த கேமராவில் ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, ஏறக்குறைய 1/30 நொடி. பாடிப் போகிற பையன் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறான் என்று வையுங்கள். ஷட்டர் திறந்து மூடுவதற்குள் 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். முகத்தின் அகலத்தைவிட அதிகம். 1/1000 நொடி என்றால் நகர்வது வெறும் 5 மில்லிமீட்டர். மாமாவின் புகைக்கு மொத்த விளக்கம் இவ்வளவுதான்.

என்னை யோசிக்க வைத்தது வேறு எண். பன்னிரண்டு. அந்த 12 படத்தில் கல்யாணப் பெண் உண்டு, குழந்தை உண்டு, வயசானவர்களை நாற்காலியில் உட்கார வைத்து ஒன்று உண்டு. விளையாடுகிற பையன்களுக்கு யாரும் ஒரு பிரேம் செலவழிக்க மாட்டார்கள். அந்த உறவுக்காரர் ஏன் செலவழித்தார் என்று தெரியாது. மங்கலாக வந்தது என்றுதான் நாம் சொல்கிறோம். அது இருப்பதே அதிசயம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பொங்கல் முடிந்து மாமா முழுநேரமாகத் தறிக்குப் போனார். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நிறம். இரண்டையும் கோர்வை போட்டுச் சேர்க்க மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அன்று அந்த ஆள் பெரும்பாலும் சிறுபிள்ளைதான். பத்து வயதிலிருந்தே பாதி நாள் கரை தள்ளியவர், பதினைந்தில் முழு ஆளாக உட்கார்ந்துவிட்டார். அவர் ஆடியதற்கு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தப் புகை.

*

பெரிய மைதானங்களிலும் அன்று பிரேம் விலை உயர்ந்ததுதான். டெஸ்ட் கிரிக்கெட்டில் இதுவரை 'டை' ஆனது இரண்டே இரண்டு. முதலாவது 1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். எட்டுப் பந்து ஓவரின் ஏழாவது பந்து. வெஸ்ட் இண்டீஸின் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்து ஸ்டம்பைச் சாய்க்கிறார், ஆஸ்திரேலியாவின் மெக்கிஃப் ரன் அவுட். அந்தக் கணத்தைப் பிடித்தவர் 'தி ஏஜ்' பத்திரிகையின் ரான் லோவிட். அவரிடம் அப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு பிளேட். முந்தைய பந்துகளில் ஆசைப்பட்டு அதைச் செலவழித்திருந்தால் அந்தப் படம் கிடையாது.

இரண்டாவது நம்ம சேப்பாக்கம். 1986 செப்டம்பர் 22. டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த மேட்ச். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மாத்யூஸ் மனிந்தர் சிங்கை எல்பிடபிள்யூ ஆக்க, 347இல் நின்றது. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 நாட் அவுட். அந்தக் கணமும் ஒரு படமாக நமக்கு இருக்கிறது. எடுத்தவர் மாலா முகர்ஜி. ஐந்து நாள் ஆட்டம் அந்த ஒரு பிரேமில் நிற்கிறது.

கருவி இல்லாமல் இல்லை. 1972லேயே நொடிக்கு 9 படம் எடுக்கும் கேனான் எஃப்-1 ஹை ஸ்பீட் மாடல் வந்துவிட்டது. ஆனால் ரோலில் 36 படம்தான். விடாமல் அழுத்தினால் நாலு நொடியில் காலி. அதனால் பழைய ஆட்கள் அழுத்தாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். மனிதக் கண் பார்த்து விரல் அழுத்தச் சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் ரெய்டர் ஒரு மீட்டர் போய்விடுவார். நடந்ததைப் பார்த்து அழுத்தினால் ஏற்கெனவே லேட். நடக்கப்போவதை அழுத்த வேண்டும்.

1999இல் நிக்கான் டி1 வந்தது. 2.7 மெகாபிக்சல், நொடிக்கு 4.5 படம். எண்களைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். ஆனால் தப்பாக எடுத்த படத்தின் விலை அன்றுதான் பூஜ்யத்தை நோக்கி இறங்க ஆரம்பித்தது. கேமரா வரலாற்றில் வேகத்தைவிட இதைத்தான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தவறவிடுவது இலவசமான பிறகுதான் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு படமெடுக்கத் தகுதியானது என்று ஆயிற்று. ஒலிம்பிக்கை எப்படியும் எடுத்திருப்பார்கள். மாகறல் பள்ளி டீமை யார் எடுத்திருப்பார்கள்?

*

"சரி மாப்ள, எந்த கேமரா?"

"முதல்ல பாடி பாக்கணும் மாமா."

"பாடிப் போறத நான் பாத்துக்கறேன். நீ கேமராவச் சொல்லு."

மாமாவிடம் இருந்தது 60,000 ரூபாய். நான் முதலில் செய்தது எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வது: ஸ்பெக் ஷீட்டை எக்ஸெல்லில் போட்டு வரிசைப்படுத்தினேன். நொடிக்கு 30 படம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கி, ஒரு மிரர்லெஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாகறல் போனேன். மார்கழி சாயங்காலம், ஆறு கம்பத்தில் எல்இடி விளக்கு கட்டி பிராக்டிஸ். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் குறுக்கே கறுப்புப் பட்டை. மூன்று மூன்றாக.

"சேலைக்கு கட்டம் போட்ட மாதிரி இருக்குது" என்றாள் பேத்தி.

காரணம் கணக்கில் இருந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. நான் கொண்டுபோன கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. முழுவதும் படிக்க 1/30 நொடி என்றால், அதற்குள் விளக்கு மூன்று முறை மங்கிவிடும். மூன்று பட்டை. எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர், முழு பிரேம் கேமராவில் சோனி ஏ9 3 வழியாக வந்திருக்கிறது, நொடிக்கு 120 படத்துடன். விலை லட்சங்களில். மாமா அதற்கு எத்தனை சேலை என்று விரல் விட ஆரம்பித்தார், நிறுத்திவிட்டேன்.

எக்ஸெல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப யோசித்தேன். நொடிக்கு 10 படம், ஒவ்வொன்றும் 1/1000 நொடி என்றால், ஒரு நொடியில் நாம் பார்ப்பது நூறில் ஒரு பங்கு. 120 படம் எடுத்தாலும் நூறில் 12 பங்கு. மிச்சம் இருட்டுதான். ஆக வேகத்துக்குப் பணம் கொட்டுவதைவிட வெளிச்சத்துக்குக் கொட்டலாம். 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2: நொடிக்கு 10 படம், 65 ஃபோகஸ் புள்ளிகள். முக்கியமாக, விளக்கு மினுக்குவதை உணர்ந்து உச்ச வெளிச்சம் வரும்வரை ஷட்டரைத் துளி தாமதப்படுத்தும் வசதி. கேனானில் இது முதலில் வந்த பாடி அதுதான். இன்னொரு தேர்வு 2016இன் நிக்கான் டி500. நல்ல நிலையில் இருந்தவை பட்ஜெட்டுக்குள் அடங்கவில்லை. 7டி செகண்ட்ஹேண்டில் கிடைத்தது. ஷட்டர் 2 லட்சம் தடவைக்குத் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. நாங்கள் வாங்கியதில் 60 ஆயிரம் சொச்சம் ஓடியிருந்தது. மிச்சப் பணத்தில் 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். கிட் லென்ஸின் எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம். கபடிக் களம் சின்னது. கோட்டோரம் உட்கார்ந்தால் 85 போதும்.

*

தை மாதம், இரவு டோர்னமென்ட். கேமராவை நான் வைத்திருந்தேன். ஐஎஸ்ஓ 6400, 1/800. முதல் பாதியில் முந்நூறு படம் எடுத்தேன். பட்டை இல்லை, புகை இல்லை. படமும் இல்லை. எல்லாவற்றிலும் தொட்டு முடித்த கையோ, தொடப்போகாத கையோதான்.

"குடு" என்று வாங்கிக்கொண்டார் மாமா. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தார், ஆனால் பார்த்ததைவிட அதிகம் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பேத்தி கபடி கபடி என்று பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினாள். அவர் அழுத்தவில்லை. இடப்பக்கம் போனாள். அழுத்தவில்லை. பாட்டு ஒரு இடத்தில் இறுகியது, எனக்கே கேட்டது. மாமா விரலை வைத்தார். ஒரு நொடி, பத்து படம்.

"பாயறதுக்கு முன்ன மூச்சப் பிடிப்பா. அப்ப பாட்டு மாறும். கரை தள்ளுற பையன் கைய நீட்டறதுக்கு முன்ன நான் பலகைய மிதிப்பேனே, அதே கணக்குதான்."

அன்று இரவு மொத்தம் 640 படம். தேறியது 11. அதில் 9 மாமா எடுத்தது. ஒன்றில் பேத்தி தரையோடு கிடைமட்டமாக இருக்கிறாள். ஒரு கை எதிரணிப் பெண்ணின் முழங்காலில், இன்னொரு கை நடுக்கோட்டுக்கு மேல் அரை ஜாண் உயரத்தில். வாய் திறந்திருக்கிறது. பாட்டு விடவில்லை.

அந்தப் படத்துக்கு ஒரு வேலை இருந்தது. அவளை விளையாட்டு விடுதிக்கு அனுப்புவதா என்று வீட்டில் ஆறு மாதமாகப் பேச்சு. பொம்பளைப் புள்ளை, வெளியூர், படிப்பு என்று அவள் அப்பா தயங்கினார். மாமா எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு போன் செய்தார், அவ்வளவுதான். "சுவத்துல இருந்தா வரவங்க கேப்பாங்க மாப்ள. நாலு பேர் கேட்டப்புறம் நிறுத்தறது கஷ்டம். எங்கதைல யாரும் கேக்கல. கேக்க அதுல ஒண்ணும் தெரியல."

பெரிய பிரிண்ட் போட்டு 1982க்குப் பக்கத்திலேயே மாட்டினார். நான் போயிருந்த அன்று பட்டு வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்தார். யாரு இது, உங்க பொண்ணா என்று மருமகனிடம் கேட்டார். மருமகன் ஆமாம் என்றார். பிறகு அவராகவே, ரெய்டர், ஸ்கூல் டீமு என்றார்.

விடுதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அதில் ஒட்டுவதற்கு அசையாமல் எடுத்த பாஸ்போர்ட் படம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.