உரிமமும் உரிமையும்: 29.99 டாலருக்கு மாணவர்கள் வாங்கிய விண்டோஸ் 7

2009ஆம் ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சலுகையை அறிவித்தது. அக்டோபர் 22 அன்று வெளிவரவிருந்த விண்டோஸ் 7 இயங்குதளத்தை அவர்கள் 29.99 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். ஹோம் பிரீமியம், புரொஃபஷனல் ஆகிய பதிப்புகளுள் எதைத் தேர்ந்தாலும் விலை ஒன்றே. அதே மேம்படுத்தல் உரிமத்துக்குப் பிறர் முறையே 119.99 டாலரும் 199.99 டாலரும் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் மாணவர் விலை 30 பவுண்டு. சலுகை 2010 ஜனவரி 3 வரை நீடித்தது.

இதைத் தாராள மனத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வதற்கில்லை. 2007 ஜனவரியில் பொதுப் பயனர்களுக்கு வந்த விஸ்டா பலரைச் சலிப்படையச் செய்திருந்தது. 2001இல் வெளியான எக்ஸ்பியையே தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம் ஆப்பிள் மடிக்கணினிகள் வகுப்பறைகளில் இடம்பிடித்துக்கொண்டிருந்தன. இருபது வயதில் கை பழகும் இயங்குதளமே பிற்காலத்தில் அலுவலக மேசைக்கும் போகும் என்பதை மென்பொருள் வணிகர்கள் நன்கு அறிவார்கள்.

வாங்குபவர் மாணவர்தாம் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. அமெரிக்காவில் அந்தச் சான்று ஒரு மின்னஞ்சல் முகவரி. ‘இடியூ’ என்று முடியும் இணையப் பெயர்கள் 2001 முதல் எஜுகாஸ் என்னும் அமைப்பின் மேற்பார்வையில் இருந்தன. அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களே அவற்றைப் புதிதாகப் பெற முடியும். முகவரியின் கடைசி மூன்று எழுத்துகள் அடையாள அட்டையின் வேலையைச் செய்தன. சான்று ஏற்கப்பட்டதும் டிஜிட்டல் ரிவர் என்னும் விற்பனை நிறுவனத்தின் வழியாகப் பணம் செலுத்திக் கோப்புகளைத் தரவிறக்கலாம்.

விற்கப்பட்டது என்ன என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அது முழு உரிமம் அன்று. ஏற்கெனவே எக்ஸ்பியோ விஸ்டாவோ முறையாக வைத்திருப்பவர் அதன்மேல் பெறும் மேம்படுத்தல் உரிமம். தமிழில் உரிமம், உரிமை ஆகிய இரண்டும் ‘உரி’ என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. உரிமை ஒருவருக்கு உரியது. உரிமம் பிறர் அளிக்கும் இசைவு. வேரின் ஒற்றுமை காரணமாக இரண்டும் ஒன்றுபோல ஒலித்தாலும், இந்த வணிகம் முழுவதும் அவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில்தான் நடந்தது.

பழைய பதிப்பு கையில் இருப்பதை மென்பொருள் எப்படிச் சோதித்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. விண்டோஸ் 95 காலத்தில் பழைய பதிப்பின் நெகிழ்வட்டைக் காட்டினால் போதும். எக்ஸ்பியின் மேம்படுத்தல் குறுவட்டும் அவ்வாறே, வெற்றுக் கணினியில் நிறுவும்போது முந்தைய பதிப்பின் குறுவட்டைச் செருகச் சொல்லிச் சோதித்துவிட்டு மேலே செல்லும். விஸ்டா இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸுக்குள் இருந்தே நிறுவலைத் தொடங்க வேண்டும் என்பது புதிய நெறி. சட்டம் சொன்ன நிபந்தனை இவ்வாறு தொழில்நுட்ப நிபந்தனையாகவும் மாறியது.

மாணவர் சலுகையில் இதன் விளைவு கடுமையாக வெளிப்பட்டது. கூடுதல் கட்டணம் செலுத்தினாலன்றி வட்டு வராது. தரவிறக்கத்தில் கிடைத்தவை மூன்று கோப்புகள்: இயங்கும் நிரல் ஒன்று, ‘பாக்ஸ்’ என்னும் பின்னொட்டுடைய பொதிகள் இரண்டு. மூன்றையும் ஒரே கோப்புறையில் வைத்து நிரலைச் சொடுக்கினால் பொதி விரிந்து நிறுவல் தொடங்கும் என்பது திட்டம்.

அக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் செயலி 64 பிட் திறனுடையதாக இருந்தும், அதில் ஓடிய விஸ்டாவோ எக்ஸ்பியோ 32 பிட்டாகவே இருந்தது. 32 பிட் முகவரிகளால் சுட்டக்கூடிய நினைவகம் 4 ஜிபி. அந்த எல்லையைத் தாண்ட விரும்பிய மாணவர்கள் 64 பிட் பதிப்பைத் தேர்ந்தனர். ஆனால் 64 பிட் நிறுவல் நிரல் 32 பிட் விண்டோஸில் ஓடாது. ஏறத்தாழ 3 ஜிபி கோப்புகளை விடுதி இணைப்பில் இறக்கி முடித்துப் பொதியைப் பிரித்தவர்களின் திரையில், தரவிறக்கிய கோப்புறையில் புதிய கோப்புகளை உருவாக்கவோ சேமிக்கவோ இயலவில்லை என்ற பிழைச்செய்தி தோன்றியது. உண்மையான காரணத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. கோப்புறையை மாற்றியும் வட்டில் இடம் ஒழித்தும் பார்த்தவர்களின் பொழுது வீணாயிற்று.

வழி கண்டவர்களும் மாணவர்களே. பொதி விரிந்த கோப்புறைக்குள் நிறுவலுக்கு வேண்டிய கோப்புகள் யாவும் இருந்தன. இல்லாதது, கணினி தொடங்கும்போதே படிக்கத்தக்க வட்டு வடிவம் ஒன்றுதான். கணினி மேலாளர்களுக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்த ஒரு சிறு கருவியைக் கொண்டு அக்கோப்புறையை ஐஎஸ்ஓ பிம்பமாக்கி, டிவிடியில் பதித்து, அதிலிருந்து கணினியைத் தொடக்கினார்கள். கட்டளையின் ஒவ்வொரு எழுத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். விற்றவர் தந்திருக்க வேண்டிய வட்டை வாங்கியவர் தாமே செய்துகொண்டார் என்பதே இதன் பொருள்.

அதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. வெறுமையாக்கிய வட்டில் இவ்வாறு நிறுவினால், மேம்படுத்தல் குறியீட்டைச் செயலாக்கம் மறுக்கும் நேர்வுகள் இருந்தன. பதிவேட்டில் ஓர் எண்ணைச் சுழியாக மாற்றியும், நிறுவியதன் மேலேயே மறுபடி நிறுவியும் அதைக் கடந்தனர். முறையான பழைய உரிமம் இல்லாதவர் இப்படிச் செய்தால், தொழில்நுட்பம் இடங்கொடுத்தாலும் அது உரிம மீறலே என்று மைக்ரோசாஃப்ட் தரப்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. சட்டப்படி அது சரியான கூற்று. ஆயினும் பழைய உரிமத்தை உடையவரும் அதே குறுக்குவழியில் நடக்க நேர்ந்ததை அந்த எச்சரிக்கை கண்டுகொள்ளவில்லை.

அதே பருவத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. டிவிடி இயக்கி இல்லாத சிறு மடிக்கணினிகளுக்காக, ஐஎஸ்ஓ பிம்பத்தை யுஎஸ்பி நினைவகத்தில் ஏற்றும் கருவியொன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியான நிரல்வரிகள் அக்கருவியில் உரிம நிபந்தனைக்கு மாறாகச் சேர்ந்திருப்பது 2009 நவம்பரில் வெளிப்பட்டது. வெளி ஒப்பந்ததாரர் எழுதியது என்று விளக்கிய நிறுவனம், தவற்றை ஒப்புக்கொண்டு கருவியைத் திரும்பப் பெற்று, டிசம்பரில் ஜிபிஎல் உரிமத்தின்கீழேயே மீண்டும் வெளியிட்டது. உரிமங்களின் நுணுக்கத்தில் மாணவர் மட்டும் தடுமாறவில்லை.

உரிம ஒப்பந்தத்தில் இருந்த மற்றொரு விதி அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை: மேம்படுத்திய பின் பழைய மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது. மடிக்கணினியோடு வந்த விஸ்டாவின் உரிமம் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டது. அக்கணினி பழுதாகிப் போனால் அதுவும் போகும். அதன்மேல் நின்ற 29.99 டாலர் உரிமத்தைப் புதிய கணினிக்குக் கொண்டுசெல்ல, அந்தக் கணினிக்கும் தகுதியான ஒரு விண்டோஸ் உரிமம் வேண்டும். பட்டம் பெற்று இரண்டாவது கணினி வாங்கியபோதுதான் பலருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் பொதுப் பயனர்களுக்கு 2020 ஜனவரி 14 வரை கிடைத்தன. 2009இல் வாங்கப்பட்ட மடிக்கணினிகளில் அதுவரை ஓடியவை மிகச் சிலவாகவே இருக்கும்.